கப்பலின் கடைசி அறை

தம்பிக்கு,

சாப்பிட்டாயா, தூங்கினாயா, தண்ணீர் லாரி வந்ததா என்பதையெல்லாம் நேற்றே போனில் கேட்டாகிவிட்டது. போனில் கேட்க முடியாததற்காகத்தான் இந்தக் கடிதம். இப்போதெல்லாம் என் குரல் கேட்டதுமே நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். கல்யாணமான பிள்ளை பெண்டாட்டிக்குத் தெரியாமல் அம்மாவிடம் குசுகுசுப்பதைவிட அது எவ்வளவோ மேல், அதில் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெற்ற மகனிடம் தனியாக நான்கு வார்த்தை பேச எனக்கு இனிமேல் தபால்தான் வழி என்று ஆகிவிட்டது. கடையில் இன்று கூட்டமில்லை, காரணம் கரண்டு இல்லை. ஜெராக்ஸ் மெஷின் துணி போர்த்திக்கொண்டு கிடக்கிறது. ஊரார் கல்யாணப் பத்திரிகையையெல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பவள், என் பிள்ளைக்குக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன். கோழிக் கிறுக்கலாக இருந்தாலும் பொறுமையாகப் படி.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை. உன் பெண்டாட்டி மேல்தான். மாமியார்களுக்கு வழக்கமாக வருகிற பொறாமை எனக்கு வரவில்லை, நம்பு. நீ சம்பளத்தை யாரிடம் கொடுக்கிறாய், எந்தப் பண்டிகைக்கு எந்த வீட்டுக்குப் போகிறாய் என்பதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அவள் கொத்சுக்குப் புளி ஜாஸ்தி ஊற்றியதைக்கூட நான் வாய் திறந்து சொல்லவில்லை, அப்பாவைக் கேட்டுப் பார். எனக்கு வயிறு எரிந்தது ஒரு கம்ப்யூட்டர் கேமுக்காக. வெளியே சொன்னால் கீழ வீதியே சிரிக்கும். அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன்.

2004-ல் நீ காலேஜ் முதல் வருஷம். புவனகிரி ரோட்டில் மணல் லாரிக்கு ஒதுங்கப்போய் வண்டியோடு சரிந்து, இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தாய். கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, பழையதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த சமயம் அது. உன் ஃப்ரெண்டு ஒருவன் இரண்டு சிடியில் ஏதோ எழுதிக் கொடுத்திருந்தான். அப்போதே அது பழைய கேம். நீ வலது கையில் மவுஸைப் பிடித்துக்கொண்டு, கட்டுப்போட்ட கையின் நுனிவிரலால் கீபோர்டைக் குத்திக் குத்திப் பார்த்தாய். கேமில் வருகிற ஆள் ஒரு அடி நகர்வதற்குள் உனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பார்க்கச் சகிக்காமல் நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உன் இடது பக்கம் உட்கார்ந்தேன். "நீ சொல்லு, நான் தட்றேன்" என்றேன். எனக்கு அதெல்லாம் ஒரு வேலையா? டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவள். முன்னால் போக டபிள்யூ, பின்னால் வர எஸ், பக்கவாட்டுக்கு ஏயும் டியும். டபிள்யூவை நடுவிரலால் தட்ட வேண்டும், அதுதான் வசதி என்று நீ எவ்வளவோ சொன்னாய். மோதிர விரலால் தட்டித்தான் பழக்கம், இன்ஸ்டிடியூட்டில் அடி வாங்கிக் கற்றது, மாற்ற மாட்டேன் என்றேன். கடைசிவரை மாற்றவில்லை.

கதை உனக்கு ஞாபகமிருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். அதை நினைப்பதிலேயே எனக்கு ஒரு சந்தோஷம். பூமியிலிருந்து கிளம்பிய ஒரு பெரிய கப்பல். ஒரு ஊர் ஜனமே பெட்டிகளுக்குள் தூங்கிக்கொண்டு வானத்தில் போகிறது. வழியில் ஒருத்தன் மட்டும் கண்விழிக்கிறான். பார்த்தால், போக வேண்டிய நட்சத்திரத்தை விட்டுவிட்டுக் கப்பல் வேறெங்கோ போகிறது. திருப்பியது யார் என்று அவன் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக வயல், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு என்று கப்பல் முழுக்க அலைகிறோம். என்ன ஒரு கற்பனை! செய்தவர்களுக்கு ஆசை மலையளவு இருந்தது, முடிக்கத்தான் துப்பில்லை. பாதிக் கதவுகள் திறக்காது. லிஃப்டில் ஏறினால் சில சமயம் கப்பலுக்கு வெளியே போய் விழுவோம், நட்சத்திரங்களுக்கு நடுவில் விழுந்துகொண்டே இருப்போம், திரும்ப முதலிலிருந்து வர வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், அவரிடம் எத்தனை தடவை பேசினாலும் அப்போதுதான் முதல்முதலாகப் பார்ப்பதுபோல் வணக்கம் சொல்வார். வருஷா வருஷம் வந்து "தம்பி இப்ப எத்தினாவது படிக்கிற" என்று கேட்கும் ஸ்ரீமுஷ்ணத்து மாமாவின் பெயரை நாம் அவருக்கு வைத்தோம். பிறகு நிஜ மாமா வந்தபோது நீ சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப்பக்கம் ஓடினாய்.

மாவுக்கட்டைப் பிரித்த அன்று நான் ஸ்டூலைத் தூக்கி அடுப்படியில் வைத்துவிட்டேன். கை சரியாகிவிட்டதே, இனி நான் எதற்கு என்றுதான். சாயங்காலம் நீ போய் அதை எடுத்துவந்து பழைய இடத்திலேயே போட்டாய். நானும் வந்து உட்கார்ந்தேன். உன்னை வளர்த்ததில் எத்தனையோ நல்ல நாட்கள் உண்டு, ரேங்க் வாங்கினாய், வேலை வாங்கினாய். எனக்கு அந்த ஸ்டூல்தான் ஒசத்தி.

மறுவருஷம் கடைசி அறைக்கு வந்தோம். சாயங்காலம், விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். கப்பலைத் திருப்பியவர் இருக்கும் அறை, கேம் முழுக்க எல்லோரும் பயந்து பயந்து பேசிய அறை. கதவு இரண்டு பக்கமும் விலகியது. உள்ளே யாருமில்லை. நாற்காலிகூட இல்லை. எதிரே ஒரு கண்ணாடி, அதற்கு அப்பால் இருட்டு, நட்சத்திரம். முதலிலிருந்தே கூட வந்த அந்த இசை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நீ அங்குமிங்கும் மவுஸை அசைத்தாய், நான் எல்லாக் கட்டையையும் தட்டினேன், எதுவும் நகரவில்லை. வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் கேம் மாட்டிக்கொண்டது என்று தலையில் தட்டி அணைத்திருப்பார்கள். நாம் சிதம்பரத்துக்காரர்கள். திரையை விலக்கினால் உள்ளே வெறும் வெளி என்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறவர்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. "அவ்ளோதான் தம்பி, முடிஞ்சிடுச்சு. யாரும் இல்ல பாரு, அதான் விஷயம்" என்றேன். என்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய், பிறகு நீயும் போட்டுக்கொண்டாய். எத்தனை பெரிய மூளை வைத்து இதைச் செய்திருக்கிறார்கள் என்று அன்றைக்குப் பூரா பேசினோம். நம் ஊருக்கு எப்போதாவது வந்துவிட்டுப் போனவனாகத்தான் இருப்பான் என்றுகூட நான் சொன்னேன். உங்கப்பா பேப்பரை விட்டுத் தலையைத் தூக்காமல், தோசை எப்போது ஆகும் என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நீ சென்னைக்குப் போனாய், வேலையில் சேர்ந்தாய், வினோதினியைப் பார்த்தாய். நல்ல பெண். கடலூரில் மஞ்சக்குப்பம், நம் பக்கத்துப் பேச்சு, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிறாள். இந்த மார்கழியில் அடித்த புயலில் கடலூர் மண்டபத்தின் கூரை பறந்துபோய், அவசரமாக இங்கே மண்டபம் பிடித்து, அச்சான பத்திரிகையில் மண்டபத்தின் பெயரை மட்டும் நானே அடித்து ஒட்டி, தையில் ஒருவழியாகக் கல்யாணம் முடிந்தது. அவள் வீட்டின் மேல் விழுந்த மரத்தை இன்னும் அறுத்து முடிக்கவில்லை, கரண்டும் வரவில்லை என்பதால் மறுவீடு தள்ளிப்போனது. அதனால்தான் நீங்கள் இரண்டு பேரும் எங்களோடு கூடுதலாகத் தங்கினீர்கள். எனக்கு வாய்த்த அதிர்ஷ்டம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஒருநாள் மத்தியானம் மாவாட்டிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து அந்த இசை வந்தது. ஏழு வருஷம் ஆகியும் முதல் ஓசையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மாவுக்கையோடு ஓடி வந்தேன், தம்பி. என் பிள்ளை எனக்காக அந்தப் பழைய கேமைத் தேடிப்பிடித்துப் புது லேப்டாப்பில் ஓட வைத்திருக்கிறான், கூப்பிடப் போகிறான் என்று நினைத்துக்கொண்டு ஓடி வந்தேன். நீ மவுஸைப் பிடித்திருந்தாய். உன் இடது பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். நடுவிரலால் டபிள்யூவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அது ஒரே ஆள் ஆடுகிற கேம். இரண்டு பேர் பிரித்துக்கொண்டு ஆடுவது என்பது உலகத்தில் நம் வீட்டில் மட்டும்தான் உண்டு. வேறு எதை வேண்டுமானாலும் அவளுக்குக் கொடுத்திருக்கலாம், என் நகையைக் கேட்டிருந்தால் கழற்றிக் கொடுத்திருப்பேன். அதைப் போய்க் கொடுத்தாயே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "வாங்கத்தை, உக்காருங்க" என்று அவள் எழுந்து இடம் விட்டாள். கை மாவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். கையைக் கழுவ எவ்வளவு நேரமாகும்? கழுவிவிட்டு அங்கேயே நின்றேன்.

அதற்கப்புறம் நான் பண்ணிய கூத்தையெல்லாம் நீ கவனித்தாயோ இல்லையோ. நீங்கள் லேப்டாப்பைத் திறந்தால் போதும், எனக்குக் கறிவேப்பிலை தீர்ந்துவிடும். உன்னைத் தண்ணீர் கேன் தூக்கி வைக்கச் சொல்வேன், அவளைக் கூப்பிட்டுப் பூ கட்டச் சொல்வேன். கரண்டு போனால் நிம்மதியாக இருந்தது, ஆனால் அந்தப் பாழாய்ப்போன பேட்டரி மூன்று மணி நேரம் நின்றது. அவளோ ஒவ்வொன்றாகத் தப்பு கண்டுபிடித்தாள். அவளுக்கு ஆபீசிலும் அதுதானே வேலை, அடுத்தவர்கள் எழுதியதைச் சோதித்துப் பிழை சொல்வது. லிஃப்ட் எதனால் வெளியே தள்ளுகிறது, டாக்டர் எதனால் மறக்கிறார் என்று விளக்கினாள். மறதிக்காரர் என்று நாம் கொண்டாடிய மனுஷரைக் கணக்குத் தப்பு என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? ஆனால் ஒன்று, நியாயமாகச் சொல்ல வேண்டும். ஒருநாள் அவள், "எவ்ளோ பெருசா யோசிச்சிருக்காங்க பாருங்க அத்தை, பாவம், முடிக்கத்தான் ஆளு பத்தல" என்றாள். நான் மனதுக்குள் வைத்திருந்த அதே பேச்சு. அதைக் கேட்டு எனக்கு அவள் மேல் பிரியம் வந்திருக்க வேண்டும். இன்னும் எரிச்சல்தான் வந்தது. அவள் அந்தக் கேமைக் கேலி செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடைசி அறைக்கு வந்தீர்கள். அன்று நீயே என்னைக் கூப்பிட்டாய். நின்றபடி பார்த்தேன். கதவு விலகியது, காலி அறை, நட்சத்திரம். நீ அவளிடம் பெருமையாக, "இதான் முடிவு. அம்மாதான் கண்டுபிடிச்சாங்க" என்றாய். அவள் திரையை உற்றுப் பார்த்தாள். "இது முடிவு இல்லங்க. உள்ள இருக்கறது லோடே ஆகல" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமானால் எடுத்திருப்பாள். நீதான் விடவில்லை, எப்படித் தெரியும் என்று கேட்டாய். அந்தக் கோளாறைச் சரிசெய்ய ஒரு சின்ன ஃபைல் நெட்டில் கிடைக்கிறது என்று சொல்லி, டேட்டா கார்டைச் செருகி இறக்கிப் போட்டாள். திரும்பக் கதவு விலகியது. அந்த அறையில் ஒரு நாற்காலி இருந்தது. அதில் ஒருவர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. தோளும் பின்தலையும்தான். மெல்லத் திரும்புவதற்குள் நீ டப்பென்று லேப்டாப்பை மூடினாய். "வேணாம் வினோ. எனக்கும் அம்மாவுக்கும் அது காலி ரூமுதான். அப்பிடியே இருக்கட்டும்" என்றாய். நல்லதுக்குத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவேன்? உன் கல்யாணத்தன்றுகூட அப்படி வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது. அவள் சரி என்று மட்டும் சொன்னாள். காய்ந்த துணியை எடுத்துவருகிறேன் என்று மாடிக்குப் போனாள்.

கொடியில் கிடந்தது உங்கப்பாவின் இரண்டு வேட்டி. அதை எடுக்க அவ்வளவு நேரம் ஆகாது. நான் பின்னால் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால், ஜெயித்ததை ஒருமுறை பார்த்துவிட்டு வரத்தான் போயிருப்பேன். அவள் வேட்டியை மடித்து மார்போடு வைத்துக்கொண்டு கோபுரத்தைப் பார்த்து நின்றிருந்தாள். அழவெல்லாம் இல்லை. "உங்க ரெண்டு பேரோடத நான் கலைச்சிட்டனா அத்தை?" என்றாள். அதெல்லாம் ஒன்றுமில்லை, ஒரு விளையாட்டுதானே என்றேன். அவள் சொன்னாள்: "நெட்ல பாத்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும். நான் பாக்க மாட்டேன். உள்ள யாருன்றது எனக்குப் பெருசில்ல அத்தை. அவரு என்கூட பாக்கணும்னு இருந்துச்சு."

அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன், தம்பி. பஸ் ஜன்னல் கண்ணாடியில் பார்த்த என் முகம் அது. கல்யாணமான புதிதில் கடலூரில் ஒரு விருந்துக்குப் போனோம். சில்வர் பீச் போகலாம் என்று உங்கப்பாவைக் கேட்டேன். அவர் தன் அம்மாவோடு சின்ன வயதில் அங்கே போவாராம். அந்த அம்மா காலமான பிறகு அங்கே போவதில்லை என்றார், கோபமில்லாமல், மெதுவாக. அவ்வளவு பாசமான பிள்ளையா என்று எல்லோரும் அவரைப் புகழ்வார்கள். நானும் வெளியில் புகழ்ந்தேன். உள்ளுக்குள், முகம்கூடப் பார்த்திராத ஒரு மனுஷி மேல் எனக்கு இன்றுவரை பொறாமை. எத்தனையோ தடவை கடலூருக்குப் போய் வந்துவிட்டோம், கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று. பீச் ரோடு திரும்பும் இடம் வரும்போதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவரும் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் கெட்டவரில்லை. அம்மாவுக்காக ஒரு இடத்தைப் பூட்டி வைத்தார், வெளியே நின்றது நான் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. அந்த மாமியார் உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. என்னைப் போலக் கள்ளத்தனமாகச் சந்தோஷப்பட்டிருப்பாரோ, யார் கண்டது.

அன்றைக்கே மாடியிலிருந்து இறங்கி வந்து இதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல மனம் வரவில்லை. நீங்கள் ஊருக்குக் கிளம்பும்வரை அந்த லேப்டாப் மூடியபடியே இருந்ததைப் பார்த்து நான் திருப்தியாகச் சமைத்துப் போட்டேன். நேற்று போனில் அவள், "அந்த கேம எடுக்கறதே இல்லத்தை" என்று சாதாரணமாகச் சொன்னாள். நீ பின்னாலிருந்து ஏதோ சொல்லிச் சிரித்தாய். அவள் சிரிக்கவில்லை. எனக்குக் கேட்டது, உனக்குக் கேட்டிருக்காது.

பிள்ளைகள் அம்மாவை வைத்துப் பெண்டாட்டியிடம் சண்டை போடுவது எல்லோருக்கும் தெரிந்த தப்பு. நீ அதைச் செய்ய மாட்டாய், அந்த அளவுக்கு உன்னை வளர்த்திருக்கிறேன். அம்மா மேல் உள்ள பிரியத்தில் ஒரு கதவைச் சாத்துவது கண்ணுக்குத் தெரியாத தப்பு. யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டார்கள், அவளே சொல்ல மாட்டாள். நல்ல பிள்ளை என்று பெயர் வேறு கிடைக்கும். அதனால்தான் சொல்கிறேன், எனக்காக எதையும் சாத்தி வைக்காதே. நாம் பார்த்த காலி அறை என்னோடதும் உன்னோடதும்தான், அதை எந்த ஃபைலை இறக்கிப் போட்டாலும் நிரப்ப முடியாது. அந்த நாற்காலியும் அதில் உட்கார்ந்திருப்பவரும் அவள் கண்டுபிடித்தது. அதில் எனக்குப் பங்கில்லை. பங்கு வேண்டும் என்றுதான் இருக்கிறது, ஆனால் இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டு உட்கார வை. அம்மா எழுதினாள் என்று சொல்லாதே, உனக்கே தோன்றியதாக இருக்கட்டும். அவளைக் கீபோர்டைப் பிடிக்கச் சொல். கதவைத் திற, அந்த ஆள் திரும்பட்டும், இரண்டு பேரும் முழுசாகப் பாருங்கள். பார்த்து முடித்ததும் எனக்குப் போன் பண்ணாதே. யார் உட்கார்ந்திருந்தது என்று என்னிடம் சொல்லாதே. நான் பெரிய மனசுக்காரி இல்லை, ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் தாங்க முடியாமல் கேட்பேன், அழுதுகூடக் கேட்பேன். அப்போதும் சொல்லாதே.

அம்மா